ஒளியை முந்தச் சொன்ன விமானி

நெடுஞ்சாலையில் பறந்து வரும் பஸ், தெருவுக்குள்ளே நுழைந்ததும் மெதுவாகப் போகும், இல்லையா? 'ஸ்டார் டிரெக்' டி.வி. தொடரில் வரும் விண்கப்பலுக்கும் அதே பழக்கம் உண்டு. அந்தத் தொடரை உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. அவர் கதையைக் கொஞ்சம் கேளுங்க.

1921 ஆகஸ்ட் 19-ல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டினார். 1943-ல் பசிபிக் தீவு ஒன்றில் அவருடைய விமானம் மேலே எழும்பாமல், ஓடுபாதையைத் தாண்டிப் போய் மோதி எரிந்தது. கூட இருந்த 2 பேர் இறந்துபோனார்கள்.

போர் முடிந்து பயணிகள் விமானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1947 ஜூனில், கராச்சியிலிருந்து இஸ்தான்புல் போன விமானம் எஞ்சின் தீப்பிடித்து சிரியா பாலைவனத்தில் விழுந்தது. அதில் ராடன்பெரியும் இருந்தார். விலா எலும்பு 2 உடைந்திருந்தும், எரிகிற விமானத்துக்குள்ளிருந்து பயணிகளை இழுத்து வெளியே கொண்டுவந்தார். எத்தனை துணிச்சல் பாருங்க!

1948-ல் விமான வேலையை விட்டார். அடுத்த வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸில் போலீஸ்காரர் ஆனார். அங்கே வேலை பார்த்துக்கொண்டே டி.வி.க்குக் கதை எழுதினார். 'ஸ்டார் டிரெக்' தொடருக்காக எடுத்த முதல் மாதிரிப் படத்தை டி.வி. நிறுவனம் வேண்டாம் என்றது. அவர் விடவில்லை. இரண்டாவதாக ஒன்று எடுத்து ஜெயித்தார். 1966 செப்டம்பர் 8-ல் தொடர் ஆரம்பித்தது. மொத்தம் 79 பகுதிகள்.

ஒளி ஒரு வினாடிக்கு சுமார் 3 லட்சம் கி.மீ. போகும். அந்த வேகத்தில் போனாலும் சூரியனுக்கு அடுத்த நட்சத்திரத்தை அடைய 4 வருஷத்துக்கு மேலாகும். வாராவாரம் புது உலகத்துக்குப் போகணுமே! அதற்காகத்தான் கதையில் 'வார்ப்' எஞ்சின் வந்தது. வார்ப் 1 என்றால் ஒளியின் வேகம். வார்ப் 2 அதைப்போல 8 மடங்கு. வார்ப் 3 என்றால் 27 மடங்கு!

ஆனால் சூரிய குடும்பத்துக்குள்ளே இது தேவையா? சூரிய ஒளி பூமிக்கு வர 8 நிமிடம் 20 வினாடி. நெப்டியூனுக்கே சுமார் 4 மணி நேரம்தான். வார்ப் 2-ல் போனால் அரை மணி நேரத்தில் நெப்டியூனைத் தாண்டிடும். வழியில் கோள், நிலா, விண்கல் என்று ஏகப்பட்டது இருக்கு. அதனால் நட்சத்திரக் குடும்பத்துக்குள் பெரும்பாலும் ஒளியைவிட மெதுவான 'இம்பல்ஸ்' எஞ்சின்தான். ராடன்பெரி தயாரித்த 1979 சினிமாவில், எஞ்சினைச் சரிசெய்து முடிக்காமல் சூரிய குடும்பத்துக்குள்ளேயே வார்ப்பைப் போடுவார் கேப்டன். கப்பல் விண்வெளிச் சுழலில் மாட்டி, ஒரு விண்கல்லில் மோதப் பார்க்கும்! அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு 1943 ஓடுபாதைதான் ஞாபகம் வருகிறது.

1991 அக்டோபர் 24-ல் ராடன்பெரி மறைந்தார். அவர் அஸ்தியில் கொஞ்சம் 1992-ல் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் பூமியைச் சுற்றி வந்தது. அந்த ஓடத்தின் வேகம் வினாடிக்கு சுமார் 8 கி.மீ. மட்டுமே. ஒளியை முந்தும் எஞ்சின் இன்னும் கதையில்தான் இருக்கு.

வேகமாகப் போவது பெருமைதான். எங்கே மெதுவாகப் போகணும்னு தெரிவது அதைவிடப் பெருமை!

யோசியுங்கள்: வார்ப் 3-ல் சூரியனிலிருந்து பூமிக்கு வர எத்தனை வினாடி ஆகும்?