‘பஞ்சாபி’ யார் தெரியுமா?
டைட்டிலில் ஒளிந்த டைரக்டர்!

‘பராசக்தி’ படத்தில் எடிட்டிங் என்ற இடத்தில் ‘பஞ்சாபி’ என்று பெயர் வரும். யாரோ வடநாட்டு ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். கிருஷ்ணன்-பஞ்சு என்ற இரட்டை டைரக்டர்களில் ஒருவரான பஞ்சுதான் அவர்!

கும்பகோணம் பக்கம் உமையாள்புரத்தில் 1915-ல் பிறந்தவர். ராஜா சாண்டோவிடம் உதவி எடிட்டராகச் சேர்ந்து தொழில் பழகினார். அமெரிக்க டைரக்டர் எல்லிஸ் டங்கனிடமும் உதவியாளராக இருந்தார். 1944-ல் ‘பூம்பாவை’யில் கிருஷ்ணனோடு ஜோடி சேர்ந்தார்.

‘பராசக்தி’ பாதியில் பெரும் சோதனை. புதுமுகம் சிவாஜி கணேசனை மாற்றிவிடலாமா என்று ஏவி.எம். செட்டியாருக்கு யோசனை. பங்குதாரர் பெருமாள் மசியவில்லை. சில காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். அத்தனையும் கடைசியில் பஞ்சுவின் கத்தரிக்குத்தான் வந்தது.

அப்போது கம்ப்யூட்டர் ஏது? ஒரு நிமிடப் படத்துக்கு 90 அடி பிலிம். கையால் வெட்டி, ஓரத்தைச் சுரண்டி, பசை தடவி ஒட்டணும். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. சிவாஜி நிலைத்தார்.

‘ப’ வரிசைப் படங்கள் தந்த பீம்சிங்கும் இந்த இரட்டையரிடம் தொழில் கற்றவர்தான்.

1984 ஏப்ரல் 6-ல் பஞ்சு காலமானார். ஒட்டு தெரியாமல் இருந்தால்தான் நல்ல எடிட்டிங். ஒட்டியவர் பேரும் அப்படியே தெரியாமல் போச்சு!