ஒலியைத் தேடிய எட்கார் வரேஸ்

இசை கேட்பது ஓர் ஓய்வு என்றே நம்மிற் பெரும்பாலோர் எண்ணுகின்றோம். பகல் முழுவதும் உழைத்த உள்ளம் இரவில் ஒரு பாட்டைச் சார்ந்து இளைப்பாறுகிறது. அடுத்து வரும் அடி எதுவென்று செவிக்கு முன்னரே தெரியும். தெரிந்தது வந்து சேர்ந்ததும் மனம் நிறைகிறது. இது குறையன்று. ஆயினும் செவியைத் தாலாட்டாது, உலுப்பி எழுப்பும் இசையும் உலகில் உண்டு. ஜாஸ் இசையும், ஒலிநாடாவிலும் மின்கருவியிலும் பிறந்த இலத்திரனியல் இசையும் அத்தகையவை. அவற்றைக் கேட்கும் உள்ளத்துக்கு யாது நிகழ்கிறது என்பதை நூல்களிற் கண்டதிலும் ஒரு மனிதரின் வாழ்க்கையில் நான் தெளிவாகக் கண்டேன். பிரான்சிலே பிறந்து அமெரிக்காவிலே மறைந்த எட்கார் வரேஸ் என்பவரே அவர்.

1883 டிசெம்பர் 22ஆந் திகதி பாரிஸ் நகரிற் பிறந்த வரேஸ், கைக்குழந்தையாக இருக்கையிலேயே பர்கண்டிப் பிரதேசத்து உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டார். லெ வில்லார் என்னுஞ் சிற்றூரில், தாய்வழிப் பாட்டனாரின் அரவணைப்பிலே அவருடைய இளமை கழிந்தது. அண்மையிலுள்ள தூர்னூ நகரின் பழைய கற்கோயில், அணிகலன் ஏதுமின்றிப் பாறைபோல் எழுந்து நிற்பது. அதன் திண்மையைத் தம் இசையில் எழுப்ப வேண்டுமென்று பிற்காலத்தில் அவர் விரும்பினார். பத்து வயதளவிலே பெற்றோர் அவரை இத்தாலியின் தூரின் நகருக்கு அழைத்துச் சென்றனர். தந்தையார் பொறியியலாளர், மகனும் கணிதம் பயின்று அத்தொழிலையே மேற்கொள்ள வேண்டுமென்பது அவருடைய கட்டளை. பையன் பியானோவைத் தொடக்கூடாதென்று அதனைப் பூட்டித் திறப்பையும் மறைத்துவைத்தார் என மனைவி லூயிஸ் எழுதிய வரலாற்றினால் அறிகின்றோம். 1903இல் மகன் வீட்டைவிட்டு வெளியேறிப் பாரிஸை அடைந்தார். ஆயினும் தந்தை திணித்த பொறியியல் வீண்போகவில்லை. பின்னாளில் இசையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் வாயில் வந்தவை கனவளவு, அடர்த்தி, விசை, மோதல் என்னும் சொற்களே.

பாரிஸில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் பெரியோர். எனினும், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி ஒலியுணர்வைப் பற்றி 1863இல் வெளியிட்ட நூலே அவரைப் பெரிதும் ஆட்கொண்டது. அந்நூலில் விவரிக்கப்பட்ட சோதனைகளைத் தாமே செய்து பார்க்க எண்ணிப் பழம்பொருட் சந்தையிலே சிறிய சைரன் கருவிகளை வாங்கிவந்தார். ஆலைகளில் ஊதும் சங்கு எவ்வாறு அடிநாதத்திலிருந்து ஒரு படியிலும் நில்லாது மேலே வளைந்து ஏறுகிறதென்பதை நாம் அறிவோம். பியானோவின் கட்டைகளோ படிக்கட்டுகள். கமகத்தில் வளர்ந்த நமது செவிக்கு அவ்வளைவு புதிதன்று. ஐரோப்பியப் பல்லியத்திற் பழகிய இளைஞருக்கு அது புது உலகின் வாயிலாக இருந்தது. எந்தச் சுவரத்திலும் தங்காது விண்ணிலே வளைகோடு வரைந்து செல்லும் ஒலியைத் தேடத் தொடங்கினார். அதனைத் தரவல்ல கருவி அன்று உலகில் இருக்கவில்லை. அவருடைய துயரம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

1907இற் பேர்லின் சென்றார். புசோனி என்னும் பேரறிஞரின் நட்பைப் பெற்றார். 1910இல் அங்கே அரங்கேறிய அவருடைய பர்கண்டி என்னும் படைப்பு பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பின்னர் பேர்லின் களஞ்சியமொன்றில் மூண்ட தீ, அவருடைய இளமைக்கால எழுத்துப்படிகளிற் பெரும்பாலானவற்றை விழுங்கிவிட்டது. எஞ்சியிருந்த அப் பர்கண்டியையும் முதுமையில் அவரே அழித்தார். இளமையின் சுவடு ஏறக்குறைய ஒன்றுமின்றி, முப்பது வயதுக்குப் பின்பே தொடங்கியது போலத் தோன்றும் கலைஞர் அவர்.

1915 டிசெம்பரிலே நியூயோர்க் துறைமுகத்தில் வந்திறங்கினார். ஆற்றிலே பனிமூட்டத்தில் ஊதும் கப்பற் சங்குகளும், தெருவில் விரையும் தீயணைப்பு வண்டிகளின் ஓலமும் அவர் அறைக்குள் புகுந்தன. பிறர் சன்னலை அடைத்துக்கொள்ளும் ஒலிகளுக்கு அவர் சன்னலைத் திறந்துவைத்தார். அமெரிக்காக்கள் என்னும் பொருளுடைய அமெரிக் என்ற படைப்பு அங்ஙனம் பிறந்தது. மிகப் பெரும் வாத்தியக்குழுவும் சைரனும் கலந்த அதனை 1926இல் பிலடெல்பியாவில் ஸ்டொக்கோவ்ஸ்கி அரங்கேற்றினார். அதற்கு முன்னரே, 1923இல், ஹைப்பர்பிரிசம் என்ற சிறு படைப்பைக் கேட்ட அவையோர் சிரித்தும் சீறியும் ஆரவாரித்திருந்தனர்.

1931இல் எழுதி முடித்த அயனைசேசன் என்பதைப் பற்றிச் சற்று விரித்துக் கூற வேண்டும். பதின்மூவர் முழக்கும் தாளவாத்தியங்களே அதில் முற்றிலும் உள்ளன. தோற்கருவிகள், கஞ்சக்கருவிகள், மரக்கட்டைகள், இரு சைரன்கள். பாட்டு என்று பற்றிக்கொள்ள ஒரு கொழுகொம்பும் இல்லை. இறுதிக்கட்டத்திலேதான் மணிகளும் பியானோவும் சுவரங்களை ஒலிக்கின்றன. 1933 மார்ச் 6ஆந் திகதி நியூயோர்க்கில் நிக்கலஸ் ஸ்லோனிம்ஸ்கியின் தலைமையில் அது அரங்கேறியது. கேட்டு முடிக்க ஆறு நிமிடமே செல்லும்.

அந்த ஆறு நிமிடத்தை ஒருமுறை உயர்வகுப்பு மாணவர்க்கு மும்முறை கேட்பித்தேன். முதன்முறை சிரித்தனர், சட்டிபானை உருளுகிறதென்றான் ஒருவன். இரண்டாம் முறை, எந்த ஒலி எக்கருவியினது என்று ஒருவரையொருவர் வினாவினர். மூன்றாம் முறை எவரும் பேசவில்லை. முடிவில் மணிகள் ஒலித்தபோது, தவிலோசை மாத்திரமே கேட்டுக்கொண்டிருந்த வீதியிலே திடீரென நாதசுரம் எழுந்தாற்போல் இருந்ததென்று ஒரு மாணவி சொன்னாள். அவள் கூறியதே மெய். சுவரமென்பது எத்தகைய அதிசயம் என்பதை, அதனை நெடுநேரம் மறைத்துவைத்தே வரேஸ் நமக்கு உணர்த்துகிறார்.

மனம் எப்போதும் அடுத்ததை ஊகித்துக்கொண்டே கேட்கிறது; ஊகம் தடைப்படும் இடத்திலேதான் உணர்ச்சி பிறக்கிறது என்று அமெரிக்க அறிஞர் லெனார்ட் மேயர் 1956இல் விரிவாக எழுதினார். ஜாஸ் இசையில் அறிந்த மெட்டொன்று முதலில் வரும். பின்னர் கலைஞன் அதனைப் பிரித்தும் வளைத்தும் மறைத்தும் செல்வான். மனம் பழைய மெட்டை உள்ளே தாங்கியவாறே புதியதைப் பின்தொடர வேண்டும். இலத்திரனியல் இசையிலோ அத்துணையும் இல்லை. எதை எது தட்டியது, யார் ஊதினார் என்ற வினாவுக்கே விடையில்லை. பெயர் சொல்லி ஒதுக்கிவிட முடியாமையால், ஒலியின் பருமனையும் நிறத்தையும் நகர்ச்சியையும் கவனிப்பதன்றிச் செவிக்கு வேறு வழி கிடையாது. இத்தகைய இசையைக் கேட்டால் அறிவு பெருகும், பரீட்சையிற் புள்ளி கூடும் என்பாரை நான் நம்புவதில்லை. தெரியாத ஒன்றின் எதிரே பொறுமையோடு அமர்ந்திருக்கும் பழக்கம் உண்டாகிறது. அதற்கு மேல் நான் உரிமை கோரேன்.

அப்பொறுமை வரேசுக்கே பெருஞ் சோதனையாயிற்று. மின்னொலிக் கருவிகளை ஆக்குவதற்கான ஆய்வுக்குப் பொருளுதவி வேண்டி 1930களில் குகன்ஹைம் நிதியத்துக்கு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. பெல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுகூடமும் கைகொடுக்கவில்லை. 1936இல் பிளாட்டினத்தாலான புல்லாங்குழல் ஒன்றுக்காக, அவ்வுலோகத்தின் அடர்த்தியையே பெயராகச் சூட்டி, டென்சிட்டி 21.5 என்ற தனிக்குழல் இசையை எழுதினார். அதன்பின் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் ஒரு பெரும் படைப்பும் நிறைவெய்தவில்லை. விண்வெளி என்னும் பெயரில் அவர் திட்டமிட்ட மாபெரும் படைப்பிற் சிறு பகுதியொன்று மாத்திரமே 1947இல் ஒலித்தது. மற்றவரின் பழைய பாட்டுக்களைப் பாடும் குழுக்களை நடத்தியும், பாடஞ்சொல்லியும் நாட்களைக் கழித்தார். மனதிற் கேட்டதை வெளியே கேட்பிக்கக் கருவியில்லை என்ற காரணத்துக்காக வாய்மூடியிருந்த கலைஞர் இவரைப்போல் எனக்கு வேறொருவர் தெரியாது.

எழுபது வயதை அணுகும் வேளையில், 1953இல், பெயர் கூறாத ஒருவர் ஆம்பெக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியொன்றை அவருக்குப் பரிசளித்தார். கிழவர் அதனோடு பிலடெல்பியாவின் தொழிற்சாலைகளுக்குச் சென்று இயந்திர ஒலிகளைப் பதிந்தார். பாலைவனங்கள் என்னும் பொருளுடைய டெசேர் என்ற படைப்பில், வாத்தியக்குழு இசைக்கும் பகுதிகளுக்கு இடையே மூன்றிடங்களில் ஒலிநாடா மாத்திரம் தனித்து முழங்கும். 1954 டிசெம்பர் 2ஆந் திகதி பாரிஸிலே, மொசார்ட்டுக்கும் சைக்கோவ்ஸ்கிக்கும் நடுவில் அது நிகழ்த்தப்பட்டது. மொசார்ட்டைக் கேட்டு இளகியிருந்த செவிகள் ஒலிபெருக்கியின் உறுமலைப் பொறுக்கவில்லை. மண்டபம் கூச்சலால் நிறைந்தது. வானொலி அந்நிகழ்ச்சியை நேரடியாக ஒலிபரப்பிக்கொண்டிருந்தமையால் நாடெங்கும் அக்கூச்சலும் சேர்ந்தே கேட்டது.

இனி ஜாஸுக்கு வருவோம். இங்கே அவருடைய புகழ்பாடுவோர் விரைந்து கடந்துவிடும் செய்தியொன்று உண்டு. தெருச்சத்தத்துக்கெல்லாம் செவி திறந்த வரேஸ், 1920களில் கறுப்பினத்தாரின் ஜாஸ் இசையை இகழ்ந்தே பேசினார். அப்பேச்சில் இனவெறுப்பின் கறையும் உண்டு. ஆலைச் சங்கில் அழகு கண்டவர், தாம் வாழ்ந்த நகரிலேயே பிறந்துகொண்டிருந்த பெருங்கலையைக் கேட்க மறுத்தார். செவி ஒருபுறம் விரிவதனால் மறுபுறமும் தானே விரிந்துவிடும் என்பதற்கில்லை.

அந்தக் கதவை வெளியிலிருந்து வந்து தட்டியவர் சார்லி பார்க்கர். ஜாஸ் இசையின் போக்கையே திருப்பிய அந்த சாக்ஸபோன் மேதை, 1950களின் தொடக்கத்தில் சலிவன் வீதியிலிருந்த வரேசின் வீடு தேடி வந்து, தம்மை மாணவராக ஏற்குமாறு வேண்டினார். ஒற்றைக் குரலில் தாம் வாசிப்பது போதாது. பல குரலும் சேர்ந்த பேரமைப்புகளை எழுதக் கற்க வேண்டும் என்பது அவருடைய தாகம். உலகப் புகழ் பெற்ற கலைஞர் மற்றொருவரின் வாயிலிலே பாலகனைப்போல் நின்ற காட்சி அது. வரேசும் இசைந்தார். ஆனால் டெசேர் அரங்கேற்றத்துக்காக அவர் ஐரோப்பா செல்ல நேர்ந்தது. பாடம் தொடங்கவேயில்லை. 1955 மார்ச் 12ஆந் திகதி, தமது 34ஆம் வயதிலே பார்க்கர் காலமானார். அவ்விருவரும் ஓராண்டேனும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பின் எவ்விசை பிறந்திருக்கும் என்று எண்ணி நான் பலநாள் ஏங்கியதுண்டு.

அவ்விழப்பே காரணமோ, முதுமையின் கனிவோ, 1957இலே வரேஸ் நியூயோர்க்கின் ஜாஸ் கலைஞர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளிற் கூடினார். ட்ரம்பெட் வாசித்த ஆட் பார்மர், சாக்ஸபோன் வாசித்த டியோ மசேரோ, முரசறைந்த எட் ஷோனசி முதலியோர் வந்தனர். அவர் அவர்களுக்குச் சுவரக் குறிப்புகளைக் கொடுக்கவில்லை. ஒலி எழுவதையும் தாழ்வதையும் கோடுகளாக வரைந்து முன்வைத்தார். மற்றையது அவர்களுடைய கற்பனைக்கு விடப்பட்டது. ஒருகாலத்தில் இகழ்ந்தவர்களிடமே, எழுதாத இசையை ஒருவரையொருவர் கேட்டு அக்கணத்திலே ஆக்கும் வித்தையை 73 வயதில் அவர் கேட்டிருந்தார்.

மறுவருடம் பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய நெடுநாட் கனவு நனவாயிற்று. பிலிப்ஸ் நிறுவனத்துக்காக லெ கோர்பூசியேயும் அவருடைய உதவியாளர் செனாக்கிசும் அமைத்த மண்டபத்தின் வளைந்த சுவர்களிலே ஏறக்குறைய 400 ஒலிபெருக்கிகள் பதிக்கப்பட்டன. வேறொரு இசையமைப்பாளரை அமர்த்த நிறுவனத்தார் முயன்றபோது, வரேஸ் இல்லையேல் தாமும் இல்லையென லெ கோர்பூசியே உறுதியாக நின்றார். மின்கவிதை என்னும் பொருள்படும் போயெம் எலெக்ட்ரோனிக் எட்டு நிமிடமளவே. கோயில்மணி ஒலிக்கும், முரசம் அதிரும், ஒரு பெண்குரல் தொலைவிலிருந்து எழும். அவையெல்லாம் கேட்போரின் தலைக்கு மேலே சுவர்வழி ஊர்ந்தும் பாய்ந்தும் சென்றன. இலட்சக்கணக்கானோர் அதனூடே நடந்து சென்றனர். 1959 தொடக்கத்தில் மண்டபம் இடிக்கப்பட்டது. இன்று நாம் இரு ஒலிபெருக்கிகளிற் கேட்பது அதன் நிழலே.

கலிபோர்னியாவில் பிராங்க் சப்பா என்ற சிறுவன், அயனைசேசன் அடங்கிய இசைத்தட்டைத் தேடி வாங்கித் தேயுமட்டும் கேட்டான். பதினைந்தாம் பிறந்தநாளுக்குப் பரிசாக அவன் தாயிடம் வேண்டியது வரேசுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. கிழவர் வீட்டில் இல்லை; லூயிஸ் அம்மையார் அவனோடு அன்பாகப் பேசினார். ராக் இசையின் எல்லைகளை உடைத்தவர்களில் ஒருவனாக அவன் வளர்ந்ததை இசையுலகம் அறியும்.

வரேஸ் 1965 நவம்பர் 6ஆந் திகதி நியூயோர்க்கிற் காலமானார். 1961இல் ஒரு பகுதி மாத்திரம் அரங்கேறிய நொக்டேர்னல் என்ற படைப்பு மேசைமீது குறையாகவே கிடந்தது. சீனத்திலிருந்து வந்து 1949 முதல் அவரிடம் பயின்ற சோ வென்-சுங், ஆசிரியரின் குறிப்புகளை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து அதனை முடித்துவைத்தார். பின்னர் சலிவன் வீதியின் அதே வீட்டிற் குடியிருந்து, வரேஸ் சேர்த்துவைத்த முரசுகளையும் சேகண்டிகளையும் பேணிவந்தார்.