கைவிட்ட நாடே சிலை வைத்தது!

சேதராப்பட்டிலிருந்து புதுச்சேரிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு பிரெஞ்சுக்காரரின் சிலையைப் பார்க்கலாம். அவர்தான் டூப்ளே.

1697-ல் பிரான்சில் பிறந்தவர். 1742-ல் புதுச்சேரி கவர்னர் ஆனார். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார்கள். 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். டூப்ளே பணியவில்லை. அவர்கள் திரும்பிப் போனார்கள்.

அந்த முற்றுகையின்போதுதான் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை அந்தத் துயரத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

வறுமையில் மறைந்தார்

ஓயாத போர்ச் செலவு பிரெஞ்சுக் கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. 1754-ல் டூப்ளேயைத் திருப்பி அழைத்துக்கொண்டது. போருக்குப் போட்ட சொந்தப் பணத்தைக் கேட்டார், கிடைக்கவில்லை. 1763-ல் பாரிஸ் நகரில் வறுமையில் இறந்தார்.

சிலை எழுந்தது

நூறு ஆண்டுகள் ஓடின. பெருமை பேச பிரான்சுக்கு ஒரு வீரர் தேவைப்பட்டார். 1870-ல் புதுச்சேரியில் டூப்ளேக்குச் சிலை வைத்தார்கள். பாரிஸில் ஒரு ரயில் நிலையத்துக்கும் அவர் பெயர் வந்தது. கொடுக்காத பணத்தை மறந்தவர்கள், வெற்றியை மட்டும் நினைவில் வைத்தார்கள். இடிந்த கோவிலைப் பற்றிச் சிலை எதுவும் சொல்லவில்லை.

ஆனால் ஊர் மறக்கவில்லை. வேறு இடத்தில் கோவிலை மீண்டும் கட்டியது.

1954-ல் பிரெஞ்சு ஆட்சி போயிற்று. சிலையும் இருக்கிறது, கோவிலும் இருக்கிறது. குழந்தைகளுக்கு இரண்டையும் காட்டினால்தான் அந்தப் போரின் முழுக் கதையும் விளங்கும்.