தீப்பொறி போனது, கார் நின்றது! பெர்த்தா அம்மையாரின் துணிச்சல்

உலகிலேயே முதன்முதலாக மோட்டார் காரில் நெடுந்தூரம் பயணம் செய்தவர் ஒரு பெண். வழியில் கார் மக்கர் செய்தது. அதைத் தாமே பழுது பார்த்தார். அவர்தான் பெர்த்தா பென்ஸ் அம்மையார்.

சீதனப் பணம்

ஜெர்மனி நாட்டில் போர்ஸ்கைம் என்ற ஊரில், 1849-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி பெர்த்தா பிறந்தார். கார்ல் பென்ஸ் என்ற என்ஜினீயரைக் காதலித்தார்.

கார்ல் நடத்திய பட்டறைக்கு ஆபத்து வந்தது. கூட்டாளியை விலக்கப் பணம் தேவைப்பட்டது. பெர்த்தா தம் சீதனப் பணத்தைத் திருமணத்துக்கு முன்பே வாங்கிக் கொடுத்தார். பட்டறை பிழைத்தது. 1872-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

கார்ல் பல ஆண்டுகள் பாடுபட்டு, மூன்று சக்கரங்கள் கொண்ட காரைச் செய்தார். 1886-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி அதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். ஆனால் காரை வாங்க ஆள் இல்லை. குதிரை இல்லாத வண்டியை நம்பி ஏற யாரும் துணியவில்லை. போட்ட பணம் எல்லாம் வீணாகிவிடும்போல் இருந்தது.

கணவருக்குத் தெரியாமல்...

1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஒருநாள் அதிகாலை. கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். பெர்த்தா தம் மகன்கள் இருவரையும் எழுப்பினார். மூத்தவன் ஆய்கனுக்கு வயது 15. அடுத்தவன் ரிச்சர்டுக்கு 13. மூவரும் மன்கைம் நகரிலிருந்து, தாய் வீடு இருந்த போர்ஸ்கைமுக்குக் காரில் கிளம்பினார்கள். தூரம் 100 கிலோ மீட்டருக்கு மேல்!

வழியில் எண்ணெய் தீர்ந்தது. அந்தக் காலத்தில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில், துணிக்கறை போக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார்கள். ஓடியது கார்!

வயரில் கோளாறு

சிறு என்ஜின் நின்றுவிட்டால் முதலில் இரண்டைப் பார்க்க வேண்டும். எண்ணெய் வருகிறதா? தீப்பொறி வருகிறதா? இந்த இரண்டு தொல்லைகளும் அவருக்கு வந்தன.

எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி, அடைப்பை நீக்கினார்.

அடுத்து, தீப்பொறி நின்றது. பேட்டரியிலிருந்து வயர் வழியாக மின்சாரம் சென்றால்தான் என்ஜினுக்குள் பொறி பறக்கும்; எண்ணெய் ஆவி எரியும். அந்த வயரின் மேலுறை உராய்ந்து தேய்ந்திருந்தது. செம்புக் கம்பி இரும்பில் பட்டால், மின்சாரம் பாதியிலேயே கசிந்துவிடும்.

பெர்த்தா தயங்கவில்லை. காலுறை நழுவாமல் இருக்கக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தார். வயரில் இறுகச் சுற்றினார். பொறி மீண்டும் பறந்தது!

மேட்டில் கார் ஏற மறுத்தது. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். பிரேக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவர் ஒருவர் அதில் தோல் வைத்து அடித்துக் கொடுத்தார். மாலையில் ஊர் போய்ச் சேர்ந்ததும், பெர்த்தா கணவருக்குத் தந்தி அடித்தார்.

வெற்றி

சில நாட்களுக்குப் பிறகு, அதே காரில் வீடு திரும்பினார். வழியில் கண்ட குறைகளைக் கணவரிடம் சொன்னார். மேடு ஏறுவதற்கு இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது. காரை நம்பலாம் என்ற எண்ணம் மக்களிடம் பரவியது. பென்ஸ் கார் உலகப் புகழ் பெற்றது.

கார்ல் 1929-ல் காலமானார். அவர் படித்த கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி, பெர்த்தாவின் 95-வது பிறந்த நாளில் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, 1944-ம் ஆண்டு மே 5-ந் தேதி, பெர்த்தா அம்மையார் கண் மூடினார்.