முப்பது ஆண்டுகள் காத்திருந்த பட்டம்

தேர்வில் வெற்றி பெற்றவர் பட்டம் பெறுதல் இயல்பு. ஆனால், தேர்வில் தேறிய பின்னரும் பட்டத்திற்காக முப்பது ஆண்டுகள் காத்திருந்த ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே கார்னிலியா சொராப்ஜி.

கார்னிலியா 1866ஆம் ஆண்டு நாசிக் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் பார்சி மரபில் தோன்றிக் கிறித்தவ சமயத்தைத் தழுவியவர். சிறு வயதில் கார்னிலியா கண்ட காட்சி ஒன்று அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. சொத்தைப் பாதுகாக்க வேண்டியவராலேயே ஏமாற்றப்பட்ட கைம்பெண் ஒருவர், அவருடைய அன்னையாரிடம் உதவி நாடி வந்தார். அக்காலத்தில் செல்வக் குடும்பப் பெண்கள் பலர் திரைக்குள் வாழ்ந்தனர். அயல் ஆடவரிடம் பேசுவதும் அவர்களுக்கு இயலாது. வழக்கறிஞர்களோ அனைவரும் ஆடவர். அத்தகைய பெண்களுக்காகச் சட்டம் பயில வேண்டும் என்னும் விருப்பம் கார்னிலியாவின் உள்ளத்தில் முளைத்தது.

புனே தக்காணக் கல்லூரியில் பயின்று, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் பெண்மணியானார். தேர்வில் முதலிடம் பெற்றவருக்கு, இங்கிலாந்து சென்று பயில அரசு உதவித்தொகை உரியது. பெண் என்ற ஒரே காரணத்தால் அஃது அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் மனம் தளரவில்லை. அகமதாபாத் குஜராத் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். அவருடைய திறமையை அறிந்த ஆங்கிலேய நண்பர்கள் சிலர் பொருள் திரட்டி உதவினர். செவிலியர் பணிக்குப் புகழ்பெற்ற புளோரன்ஸ் நைட்டிங்கேலும் அவர்களுள் ஒருவர்.

1889ஆம் ஆண்டு கார்னிலியா கடல் கடந்து ஆக்ஸ்போர்டு சென்று, சோமர்வில் மகளிர் விடுதியில் தங்கிப் பயின்றார். அங்குச் சட்டம் கற்ற முதல் பெண் அவரே. 1892இல் இறுதித் தேர்வு நெருங்கியது. பெண்ணின் விடைத்தாளை மதிப்பிட இயலாது எனத் தேர்வாளர் மறுத்தார். ஆடவரோடு ஒரே மண்டபத்தில் அமர்ந்து எழுதும் உரிமையைக் கார்னிலியா வேண்டினார். பல்கலைக்கழகம் தனி ஆணை பிறப்பித்து அதற்கு இசைந்தது. அவர் எழுதினார், தேறினார். ஆயினும், அக்காலத்தில் ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. வெறுங்கையோடு தாயகம் திரும்பினார்.

இங்கும் தடைகள் காத்திருந்தன. பம்பாயில் சட்டத் தேர்வும், அலகாபாத்தில் வழக்குரைஞர் தேர்வும் எழுதி வென்றார். எனினும், நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை அவருக்குக் கிட்டவில்லை. 1904இல் வங்காள அரசு, திரைக்குள் வாழ்ந்த பெண்களுக்கும் ஆதரவற்ற சிறுவர்க்கும் சட்ட உதவி செய்ய அவரை அமர்த்தியது. வழக்கு மன்றத்தின் வாயில் மூடியிருந்தாலும், துன்புற்றோரின் இல்லத்து வாயில்கள் அவருக்குத் திறந்தன. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில், அறுநூறுக்கும் மேற்பட்டோர் தம் சொத்துரிமையைக் காத்துக்கொள்ள அவர் துணைநின்றார்.

1920இல் ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தது. 1922இல் கார்னிலியா தம் பட்டத்தைப் பெற்றார். தேர்வு எழுதியபோது இருபத்தைந்து வயது நங்கையாக இருந்தவர், அப்போது ஐம்பதைக் கடந்திருந்தார். 1923இல் இயற்றப்பட்ட சட்டம், இந்தியப் பெண்கள் வழக்கறிஞராவதற்கு இருந்த தடையை நீக்கியது. அதன் பின்னர் அவர் கல்கத்தாவில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். 1954இல் இலண்டனில் மறைந்தார்.

கார்னிலியா ஆங்கிலேய ஆட்சியை ஆதரித்தவர். விடுதலை இயக்கத்தை ஏற்காதவர். அக்கருத்தில் நாம் அவரோடு மாறுபடலாம். ஆயினும், பட்டம் கைக்கு வரும்வரை அவர் தம் பணியைத் தள்ளிப்போடவில்லை. கற்ற கல்வியை அன்றே பிறர் துயர் தீர்க்கப் பயன்படுத்தினார். அதுவே அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

சிந்தித்து எழுதுக

1. கார்னிலியா சட்டம் பயில விரும்பியதன் காரணம் யாது?
2. ஆக்ஸ்போர்டில் அவர் எதிர்கொண்ட தடைகள் யாவை?
3. பட்டம் பெறாத காலத்தில் அவர் ஆற்றிய பணியை உம் சொற்களில் எழுதுக.