அர்பத்நாட் வீழ்ந்த பிறகு

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22, திங்கள்கிழமை. சென்னையின் பெயர்பெற்ற ஆங்கிலேய வணிக நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி, இனித் தன்னால் பணம் திருப்பித் தர இயலாது என்று கதவை மூடியது. பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்று பெயர்களும் அன்றைய சென்னை வாணிபத்தின் மூன்று தூண்களாகக் கருதப்பட்டவை. அவற்றுள் ஒன்று ஒரே நாளில் சரிந்தது. ஓய்வூதியக்காரர்கள், கைம்பெண்கள், சிறு நிலக்கிழார்கள், அரசு ஊழியர்கள் எனப் பலதரப்பட்டோரின் வாழ்நாள் சேமிப்பு அதனுடன் போயிற்று.

அந்தச் சரிவுக்குப் பின் இருவிதமான பணிகள் எஞ்சியிருந்தன. எஞ்சிய சொத்தைப் பறிகொடுத்தவர்களுக்குப் பங்கிட்டுத் தரவும், தவறு செய்தவர்களைத் தண்டிக்கவும் நீதிமன்றத்தில் வாதாடுவது முதலாவது. இப்படி ஒன்று மறுபடி நேர்ந்தால் மக்கள் தங்கள் பணத்தை வைத்துக்கொள்ள வேறோர் இடம் இருக்குமாறு செய்வது இரண்டாவது. முதற்பணியைச் செய்ய வழக்கறிஞர்கள் பலர் இருந்தனர். இரண்டையும் தம் தலைமேல் போட்டுக்கொண்டவர் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர்.

தஞ்சை மாவட்டம் திருவிடைமருதூரில் 1863 ஜூன் 15-இல் பிறந்தவர் அவர். தந்தை மாவட்ட முன்சீப். கும்பகோணத்திலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, சட்டம் முடித்து, 1885-இல் உயர்நீதிமன்ற வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். 1891-இல் தொடங்கப்பெற்ற 'மெட்ராஸ் லா ஜர்னல்' இதழை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். அடுத்த பத்தாண்டுகளில் சென்னை வழக்கறிஞர் உலகின் முன்வரிசைக்கு வந்துவிட்டார். கூர்மையான நாக்கு, பொறுமையின்மை, எடுத்த காரியத்தை முடிக்கும்வரை உறங்காத பிடிவாதம் ஆகியவை அவருக்கு நண்பர்களையும் பகைவர்களையும் ஒரே அளவில் சேர்த்துக் கொடுத்தன.

அக்காலத்து மயிலாப்பூர் வழக்கறிஞர்களைப் பற்றி இன்று நமக்கு எஞ்சியிருக்கும் சித்திரம் சற்றே கேலிச் சித்திரம்தான்: பகலில் தலைப்பாகையும் கறுப்பு அங்கியும், மாலையில் கிளப்பில் டென்னிஸும் சீட்டாட்டமும், இடையில் ஆண்டுக்கொருமுறை காங்கிரஸ் மாநாட்டில் ஆங்கிலச் சொற்பொழிவு. இச்சித்திரத்தில் உண்மை இல்லாமலில்லை. வெள்ளையர் கிளப்புகளில் இந்தியருக்கு இடமில்லாத நாளில் தமக்கென மன்றங்களை அமைத்துக்கொண்டவர்கள் அவர்கள். ஆனால், டென்னிஸ் மட்டையைக் கீழே வைத்துவிட்டு அவர்களுள் சிலர் செய்த காரியங்களை நாம் மறந்துவிட்டு, மட்டையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அர்பத்நாட் ஏன் வீழ்ந்தது? அது ஒரு கூட்டு வணிக நிறுவனம். பங்குதாரர்கள் சிலரே, கணக்கை ஊரறிய வெளியிட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கி வட்டி கொடுத்தது. அந்தப் பணம் எங்கெங்கோ ஊக வணிகத்தில் முடங்கியது வைத்தவர்களுக்குத் தெரியாது. நிறுவனத்தின் லண்டன் கூட்டாளியான மக்ஃபாடியன், சரிவு நெருங்கிய தருணத்தில் ரயில் முன் விழுந்து உயிர்விட்டார். சென்னையில் சர் ஜார்ஜ் அர்பத்நாட் கைது செய்யப்பட்டு, விசாரணைக்குப் பின் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஓர் ஆங்கிலேயப் பிரபு இவ்விதம் சிறை செல்வது அன்று சாதாரண விஷயமன்று. பணத்தைப் பறிகொடுத்தவர்கள் பக்கம் நின்று அந்த வழக்குகளில் வாதாடியவர் கிருஷ்ணசாமி ஐயர்.

ஆனால், தண்டனையால் பணம் திரும்பி வருவதில்லை. இதனை இன்றும் நாம் கண்கூடாகக் காண்கிறோம். கூடுதல் வட்டி ஆசை காட்டும் நிதி நிறுவனங்களிடம் சென்னையிலிருந்து திருத்தணி வரை, அதற்கும் அப்பால் ஆந்திர எல்லை ஊர்கள் வரை, நகையை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் பணம் கட்டியவர்கள், உரிமையாளர் கைதான செய்தியைப் படித்த பிறகும் காவல் நிலைய வாசலில்தான் நிற்கிறார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த வாசலைக் கண்டவர் கிருஷ்ணசாமி ஐயர். அவர் எண்ணம் வேறு திசையில் சென்றது.

அன்று சென்னையில் வங்கி என்றால் மெட்ராஸ் வங்கிதான். அதன் இயக்குநர்கள் ஐரோப்பியர். அதன் கடன்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வணிக நிறுவனங்களுக்கே சென்றன. மறுபக்கம், நாட்டுக்கோட்டை நகரத்தார் கையில் பெருமூலதனம் இருந்தது. அது கடல் கடந்து பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்தது. வழக்கறிஞர்களிடம் பொதுமக்களின் நம்பிக்கை இருந்தது, மூலதனம் இல்லை. இவ்விரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதே கிருஷ்ணசாமி ஐயர் செய்த காரியம். அர்பத்நாட் கதவடைத்துச் சில நாள்களே ஆகியிருந்தன. நவம்பர் தொடக்கத்திலேயே ஆலோசனை தொடங்கிவிட்டது. நகரத்தார்களுள் ராமசாமி செட்டியார் உறுதுணையாக நின்றார். பிற்காலத்தில் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலை செட்டியாரின் அண்ணன் இவர்.

1907 மார்ச் 5-இல் இந்தியன் வங்கி பதிவு செய்யப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15-இல் வாடிக்கையாளருக்குக் கதவு திறந்தது. பங்குகள் விற்று மூலதனம் திரட்டி, இயக்குநர் குழு அமைத்து, ஆண்டுதோறும் கணக்கைப் பங்குதாரர் முன் வைக்கும் நிறுவனமாக அது அமைந்தது. அர்பத்நாட்டின் நம்பகம் ஒரு குடும்பப் பெயரில் இருந்தது. புதிய வங்கியின் நம்பகம் கணக்கேட்டில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சுதேசி இயக்கம் வேகம் கொண்டிருந்த காலம் அது. முந்தைய ஆண்டில்தான் வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி தொடங்கியிருந்தார். அவரும் வழக்கறிஞரே. ஒருவர் கடலிலும் மற்றவர் கடற்கரை நகரிலும் செய்த முயற்சிகளுள் கப்பல் கம்பெனி ஆட்சியின் அடக்குமுறையால் அழிந்தது. வங்கி நிலைத்தது. ஆட்சியாளருடன் கிருஷ்ணசாமி ஐயர் மோதவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஏனெனில், அரசியலில் அவர் மிதவாதி. சட்டத்துக்கு உட்பட்டுப் படிப்படியாக உரிமை பெறலாம் என்று நம்பியவர். கோகலேயைப் போற்றியவர், திலகர் அணியை எதிர்த்தவர். 1907 டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் பிளவுண்ட பின், மறு ஆண்டு சென்னையில் மிதவாதிகள் கூட்டிய மாநாட்டில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 'இந்தியா' வார இதழில் பாரதியார் மிதவாதிகளைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். கிருஷ்ணசாமி ஐயரும் அதற்குத் தப்பவில்லை.

அதே பாரதியாரை, அதே 1907-இல், பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் கிருஷ்ணசாமி ஐயர் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். தேசபக்திப் பாடல்கள் சிலவற்றைப் பாரதியார் பாடிக் காட்டினார். கேட்டு முடித்த கிருஷ்ணசாமி ஐயர், பாடியவரின் அரசியலைப் பொருட்படுத்தவில்லை. அப்பாடல்களைத் தம் செலவில் 'சுதேச கீதங்கள்' என்ற சிறு வெளியீடாக 15,000 பிரதிகள் அச்சிடச் செய்து, பள்ளிகளுக்கும் பொதுமக்களுக்கும் இலவசமாக வழங்கினார். பாரதியாரின் பாடல்கள் இத்தனை பேரைச் சென்றடைய முதன்முதலில் வழி செய்தவர், அவருடைய இதழ் ஓயாமல் தாக்கிய அரசியல் எதிரி. இன்று ஒரு கட்சிக்காரர் மாற்றுக் கட்சிக் கவிஞரின் நூலைத் தம் காசில் அச்சிட்டுப் பள்ளிகளுக்குக் கொடுப்பதை நினைத்துப் பார்க்கவே சிரிப்பு வருகிறது.

அவர் கைபட்ட நிறுவனங்கள் வங்கியுடன் நிற்கவில்லை. மயிலாப்பூரில் ரானடே நூலகம், வேங்கடரமணா ஆயுர்வேத மருந்தகம், 1906-இல் சென்னை சம்ஸ்கிருதக் கல்லூரி ஆகியன அவர் முயற்சியாலும் பொருளுதவியாலும் எழுந்தவை. அவருடைய அக்கறைகள் பெரும்பாலும் அவர் வாழ்ந்த வட்டத்தையும் அவர் போற்றிய மரபையும் சார்ந்தே இருந்தன என்பது நியாயமான விமர்சனம். அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் சில ஆண்டுகளிலேயே தங்களுக்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கியதற்கு, மயிலாப்பூரின் இந்த ஆதிக்கமும் ஒரு காரணம். வங்கி மட்டும் அந்த எல்லையைத் தாண்டியது. பணம் வைக்க வருபவரிடம் அது குலம் கேட்கவில்லை.

1909-இல் அவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். வழக்கறிஞர் தொழிலில் ஈட்டியதைவிட வருமானம் குறைவு. இரண்டாண்டு கழிவதற்குள், 1911-இல் ஆளுநரின் நிர்வாகக் குழு உறுப்பினர் பதவி வந்தது. ஓர் இந்தியர் அன்று எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவிகளுள் அது ஒன்று. அவர் அதில் சில மாதங்களே இருந்தார். 1911 டிசம்பர் 28 அன்று, 48-ஆம் வயதில் காலமானார். இந்தியன் வங்கிக்கு அப்போது நான்கு வயது.

1969-இல் அந்த வங்கி நாட்டுடைமையாயிற்று. 2020 ஏப்ரலில், தன்னைவிட வயதில் மூத்த அலகாபாத் வங்கியைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகை வளாகத்தில், மெரினாவைப் பார்த்த சாலையோரம், கிருஷ்ணசாமி ஐயரின் சிலை நிற்கிறது. நாள்தோறும் அவ்வழியே செல்லும் பேருந்துகளில், இந்தியன் வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பையில் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர்.