வளைந்த கால் கரிஞ்சா

பிரேசில் கால்பந்து என்றதும் நாம் எல்லாரும் பெலே பெயரைத்தான் சொல்லுவோம். ஆனால் 1958இல் வாங்கிய உலகக் கோப்பையை 1962இல் பிரேசில் தக்கவைத்துக்கொண்டதே, அதற்குக் காரணம் யார் தெரியுமா? கரிஞ்சா!

1933 அக்டோபர் 28இல் ரியோ டி ஜெனீரோ பக்கம் பாவ் கிராண்டி என்ற மில் ஊரில் பிறந்தார். கரிஞ்சா என்பது ஒரு சின்னப் பறவையின் பெயர். வீட்டில் வைத்த பட்டப்பெயர்தான் அது. இடது கால் வெளிப்பக்கமும் வலது கால் உள்பக்கமும் வளைந்திருக்கும், ஒன்று குட்டை வேற! சின்ன வயசிலேயே துணி மில்லில் வேலைக்குப் போனார்.

1953இல் பொடாஃபோகோ கிளப்பில் அவரைச் சோதித்துப் பார்த்தார்கள். அவரைத் தடுக்க நின்றவர் பிரேசில் அணி வீரர் நில்டன் சான்டோஸ். அவரையே திணறடித்துவிட்டார் கரிஞ்சா. இந்தப் பையனை உடனே சேருங்கள் என்று சிபாரிசு செய்ததும் அதே நில்டன்தான். பெரிய மனசு!

கரிஞ்சாவின் வித்தை ஒன்றே ஒன்றுதான். உடம்பை இடப்பக்கம் சாய்ப்பார், எதிராளியும் சாய்வார், அதற்குள் இவர் வலப்பக்கம் பாய்ந்துவிடுவார். எல்லாருக்கும் தெரிந்த வித்தை, ஆனாலும் யாராலும் தடுக்க முடியலை.

1962இல் சிலி நாட்டில் போட்டி. இரண்டாவது ஆட்டத்திலேயே பெலேவுக்குக் காலில் அடி. அவ்வளவுதான், கோப்பை போச்சு என்று பலர் நினைத்தார்கள். கால் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராகக் கரிஞ்சா 2 கோல். அதில் ஒன்று, உயரமான ஆட்களுக்கு நடுவே தலையால் முட்டியது! அரை இறுதியில் சிலிக்கு எதிராகவும் 2 கோல். அந்த ஆட்டத்தில் எதிரணிக்காரரை உதைத்ததற்காக நடுவர் அவரை வெளியே அனுப்பினார். (அது தப்புதான்.) ஆனாலும் இறுதி ஆட்டத்தில் ஆட அனுமதி கிடைத்தது. செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என வென்று கோப்பையைக் காப்பாற்றியது பிரேசில்.

1966இல் ஹங்கேரியிடம் 3-1 என்று தோற்றார்கள். பிரேசிலுக்காகக் கரிஞ்சா ஆடித் தோற்ற ஒரே ஆட்டம் அது. கடைசி ஆட்டமும் அதுவே. அந்த முறை முதல் சுற்றோடு கோப்பையும் கைவிட்டுப் போனது.

அப்புறம் குடி அவரை விடவே இல்லை. சம்பாதித்த பணமும் நிற்கவில்லை. 1983 ஜனவரி 20இல், 49 வயசில் இறந்துபோனார். உடலை மரக்கானா மைதானத்தில் வைத்தார்கள். ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். பிறகு பிறந்த ஊர்ப்பக்கமே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.